பில்லில் புது வீல் சிலிண்டர், சில்லுக்குள் பழையது

யாழ்ப்பாணத்தில் பழைய டொல்பின் வான் வைத்திருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள். கராஜின் பெயரை எழுதவில்லை, கேட்கவும் வேண்டாம்.

குடும்பத்தோடு சீதாஎலிய அம்மன் கோயிலுக்குப் போக இருந்தோம். ஒரு கிழமைக்கு முன் வானைக் கழுவும்போது, பின் சில்லு ஒன்றின் உட்புறத்தில் ரயரோடு எண்ணெய் வழிந்த தடத்தைக் கண்டேன். வீட்டுக்குக் கிட்ட உள்ள கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் சில்லைக் கழற்றவே இல்லை. "வீல் சிலிண்டர் ரெண்டும் முடிஞ்சுது அண்ணை. மாத்தி, ஒயிலையும் முழுசா மாத்தி விடுறன்" என்றார். வீல் சிலிண்டர் என்பது சில்லுக்குள் இருந்து, பிரேக் ஒயிலின் அமுக்கத்தால் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளை.

மறுநாள் பின்னேரம் வான் தயார். 38,500 ரூபா. பில் என்று தந்தது கொப்பித் தாளில் கிழித்த ஒரு துண்டு. கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. கழற்றிய பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். "குப்பைக்க போட்டாச்சு." அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் பிடித்தது. எங்கள் பக்கத்தில் பிரேக்குக்கு என்ன பெரிய வேலை? மாடு குறுக்கே வந்தால் ஒரு மிதி, முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒரு மிதி. வவுனியா தாண்டியும் ஒரு குறையும் தெரியவில்லை.

கோயிலுக்குப் போய்விட்டு இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போதுதான் பெடல் பஞ்சை மிதித்த மாதிரி ஆனது. அடுத்த வளைவில் அடித்தட்டு வரை போய்விட்டது. விட்டுவிட்டு மிதிக்கக் கொஞ்சம் பிடித்தது. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கினேன். "ஏன் தம்பி நிப்பாட்டினனி?" என்று அம்மா பின்னால் இருந்து கேட்டார். "தேத்தண்ணி குடிக்க" என்றேன். கை நடுங்கியது அவருக்குத் தெரியவில்லை.

அரை மணித்தியாலத்தில் பெடல் பழையபடி வந்துவிட்டது. ஆளை ஏமாற்றுவது இதுதான். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 4 என்ற தரத்துப் புது ஒயில் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்கக்கூடாது. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் ஏறினால் அந்த அளவு 155 ஆக இறங்கிவிடும். இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒயில் கொதித்தால், குழாய்க்குள் ஆவி நிற்கும். மிதிக்கும் பலம் அந்த ஆவியை நசுக்குவதோடு சரி, சில்லுக்குப் போகாது. ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

ஊர்ந்து ஊர்ந்து கம்பளைக்கு வந்து ஒரு கராஜில் காட்டினோம். அந்தப் பெடியன் டிரம்மைக் கழற்றி டோர்ச் அடித்தான். பழைய வீல் சிலிண்டருக்கே வெளியில் சில்வர் பெயின்ற் அடித்திருந்தது. இறப்பர் மூடியை ஸ்குரூடிரைவரால் விலக்கினான், உள்ளிருந்து ஒயில் சொட்டியது. பிறகு பின்பக்கம், காற்றையும் பழைய ஒயிலையும் வெளியே எடுக்கும் நிப்பிளைக் காட்டினான். துருவும் சேறும் படை படையாக அப்பியிருந்தது, ஸ்பனர் பட்ட அடையாளமே இல்லை. "இதைத் திறக்காம எப்படிண்ணே ஒயில் மாத்துனாங்க?" வெளியே எடுத்த ஒயில் பிளேன்ரீ நிறம். புதியது கிட்டத்தட்ட நிறமே இல்லாமல், மிஞ்சினால் இளமஞ்சளாக இருக்கும்.

இனி நான் காசு கொடுக்கமுன் செய்வது இது. எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு தரம் மிதித்தால் பெடல் இறுகும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்ராட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும், இறங்கினால் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் சரி. அப்படியே ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கேயோ கசிவு, அல்லது பெடலோடு சேர்ந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்பின் இறப்பர் போய்விட்டது. மெத்தென்று இருந்து, அடுத்தடுத்து மிதிக்க உயர்ந்தால் பெரும்பாலும் காற்று. பிறகு குனிந்து நாலு நிப்பிளையும் பார்ப்பேன். ஒயில் போத்தலை என் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். பழைய சாமான் என் கைக்கு வர வேண்டும்.

திரும்பி வந்து பாஸிடம் போனேன். முறையிட என்னிடம் இருந்தது அந்தக் கொப்பித் தாள் மட்டும் என்பது அவருக்கும் தெரியும். நிப்பிளைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்ச நல்லாத்தானே பிடிச்சது? மலைக்குப் போறன் எண்டு நீங்கள் சொல்லேல்லையே அண்ணை."