அப்பீல் பூச்சாண்டி காட்டி 3,61,546 ரூபாயை முழுங்கிவிட்டார்கள்

முதலில் தொகை: 3,61,546 ரூபாய். தகடு அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் கட்டைவிரலை இழந்த தம்பிக்குத் தொழிலாளர் துணை ஆணையர் தீர்ப்பில் எழுதியது 5,61,546. கையில் நின்றது இரண்டு லட்சம்.

கணக்கில் ஓட்டையே இல்லை. 2023இல் நடந்த விபத்து. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை, இ.எஸ்.ஐ. கிடையாது. ஆகவே அப்போது அமலில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது, இங்கே சொல்லும் பிரிவு எண்கள் பழைய சட்டத்துடையவை). சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் அதில் மாதம் 15,000 வரைதான் கணக்கில் எடுத்தார்கள். அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கேற்பப் பெருக்கச் சட்டம் தரும் எண், அதாவது காரணி, முப்பது வயதுக்கு 207.98. பெருக்கினால் 18,71,820. சட்டத்தின் முதல் அட்டவணைப்படி கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆக 5,61,546. பணம் கட்டாமல் இழுத்தடித்ததற்கு 12 சதவீத வட்டி தனி, அதை நான் சேர்க்கவேயில்லை.

தீர்ப்பு வந்த நாலாம் நாள் நஷ்டஈடு வாங்கித் தரும் கன்சல்டன்சிக்காரர் ஒருவர் வந்தார். "தம்பி, முதலாளி ஹைகோர்ட்டுக்குப் போறார். வருஷக்கணக்கா இழுக்கும். இப்பவே ரெண்டரை லட்சம் வாங்கித் தர்றேன்." அந்த 207.98ஐத் தீர்ப்பு நகலைப் பார்க்காமலே சொன்னாராம். தம்பி விழுந்தது அங்கேதான்.

விஷயம் தெரிந்த ஆள்தான்! அப்படியானால் 30ஆம் பிரிவும் தெரிந்திருக்கும். தீர்ப்புத் தொகை முழுவதையும் ஆணையரிடம் கட்டி, கட்டியதற்கான சான்றிதழையும் இணைத்தால்தான் முதலாளியின் மேல்முறையீடு நிற்கும். கெடு 60 நாள். முக்கியமான சட்டக் கேள்வியும் இருக்க வேண்டும். அதாவது, நிஜமாகவே அப்பீலுக்குப் போயிருந்தால் 5,61,546ம் ஆணையர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

தம்பியோ ஒத்துக்கொண்டுவிட்டான். சமரசப் பத்திரத்தில் 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி, வந்த ரெண்டரையிலும் ஐம்பதாயிரத்தை ஃபீஸ் என்று பிடித்துக்கொண்டார்கள்.

பத்திர நகல் கேட்டால் "நோட்டரிகிட்ட இருக்கு". அடுத்த வாரம் "வக்கீல் ஊர்ல இல்ல". அப்பீல் நம்பர் கேட்டதும் குரலே மாறிவிட்டது: "கையெழுத்துப் போட்டது நீதானே?" இப்போது ரிங் மட்டும் போகிறது. 60 நாளும் ஓடிவிட்டது, அப்பீல் என்று எதுவும் தாக்கலாகவில்லை.

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆம் பிரிவுப்படி செல்லாது. அதை வைத்து 31ஆம் பிரிவில் வசூல் மனு போட்டாயிற்று. நில வருவாய் பாக்கிபோல வசூலிக்கலாம். ஆனால் ஃபீஸாகப் போன 50,000 அந்த மனுவில் வராது, அதற்குப் போலீஸ் புகார்தான். மனு முடியும்வரை போனது போனதுதான், 3,61,546.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. யாராவது "அப்பீல்" என்றால் டெபாசிட் சான்றிதழைக் கேளுங்கள். பேசி முடித்தால் ஒப்பந்தத்தை உரிய அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள், தொகை குறைவென்றால் அவரே மறுக்கலாம். இழப்பீடு கேட்க இரண்டு வருஷம்தான். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு வெறும் ஊனச் சதவீதம் போதாது, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

அந்த ஆள் இன்றைக்கும் எலும்பு முறிவு வார்டு வாசலில்தான் நிற்கிறார், கையில் அதே ஃபைல்.