களியக்காவிளைச் சாலையில் கார்பன் ஃபைபர்: ஒரு ரெசின் கடையும் அதன் தொடக்கத் தொகுப்பும்

குளச்சலிலிருந்து எல்லை தாண்டிப் பொழியூர் வரை மரவள்ளங்களின் இடத்தை ஃபைபர் வள்ளங்கள் பிடித்துக்கொண்டுவிட்டதால், கண்ணாடியிழை மேட் எனும் விரிப்பும் அதை இறுக்கும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினும் விற்கும் கடைகள் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. அவற்றுள் ஒன்று, களியக்காவிளைக்குச் சற்று முன்பாக நெடுஞ்சாலையோரம் இருப்பது, வீட்டிலேயே கார்பன் ஃபைபர் உறுப்புகள் செய்ய விரும்புவோருக்கென ஒரு தொடக்கத் தொகுப்பை விற்கிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கர மட்கார்டை அச்செடுத்துச் செய்வதற்காக அதை வாங்கிப் பயன்படுத்தினேன்.

தொகுப்பிலுள்ள கார்பன் துணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள 3கே ட்வில் (சாய்கோட்டு) நெசவு அது. அதாவது ஒவ்வொரு கற்றையிலும் 3000 நுண்ணிழைகள். மடித்தால் நெசவு கலைந்து, அந்தத் தடம் முடிந்த பொருளிலும் தெரியும் என்பதை அறிந்து, குழாயில் சுற்றியே தருகிறார்கள். பொருள் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் மெழுகும், அதன்மேல் பூசும் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) திரவமும் நன்று. மெழுகை ஐந்தாறு முறை பூசி, ஒவ்வொரு முறையும் துடைத்து மெருகேற்றி, பிவிஏ படலம் முழுவதும் காய்ந்தபின் வேலையைத் தொடங்கினால் மட்கார்டு அச்சிலிருந்து எளிதாகப் பிரிகிறது. ஒட்டியிருக்கும் படலம் தண்ணீரில் கரைந்துவிடும்.

சிக்கல், துணியை இறுக்கும் எபாக்ஸி ரெசினோடு கடையில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனையில் இருக்கிறது. அந்த ரெசினை இறுக வைக்க அதனுடன் ஹார்டனர் என்ற திரவத்தைக் கலக்க வேண்டும். “மழைக்காலம்லா, ஹார்டனர் ரெண்டு சொட்டு கூடுதல் விடுங்க” என்றார் கடைக்காரர். வள்ளப் பணியில் அது சரியான வழக்கமே: பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் வினையைத் தொடங்கி வைக்கும் பொருள் என்பதால், ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் அதைக் கூட்டிக் குறைத்து, இறுகும் வேகத்தை மாற்றிக்கொள்ள முடியும். எபாக்ஸியின் ஹார்டனரோ ரெசினுடன் தானே பிணைந்து அந்தப் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியாகிவிடுவது. கூடுதலாக ஊற்றியது பிணைய இடமின்றி உள்ளேயே தங்கி, பொருளை வலுவிழக்கச் செய்யும். ஆகவே டப்பாவில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைத் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். எடை விகிதமும் கொள்ளளவு விகிதமும் ஒன்றல்ல என்பதால் மூடியாலோ கரண்டியாலோ அளப்பது உதவாது. தொகுப்பில் ஒரு சிறு மின்தராசு இல்லாதது பெரிய குறை.

கலவை பயன்படும் நேரமும் 25 டிகிரி வெப்பத்தையும் சிறு அளவையும் கொண்டு அச்சிடப்பட்டது. பத்து டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆழமான கிண்ணத்தில் நிறையக் கலந்துவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகன்ற தட்டில் சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றின் ஈரத்தையும் பார்க்க வேண்டும்: ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் அந்த ஈரத்துடனும் கரியமில வாயுவுடனும் சேர்ந்து மேற்பரப்பில் மெழுகு போன்ற படலத்தை உண்டாக்குகிறது. அடுத்த அடுக்குக்கு முன் அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அழுக்கு இன்னும் பரவும். இவ்வளவு இருந்தும் கடையில் வேகமான ஹார்டனர் மட்டுமே கிடைக்கிறது. நம் வெயிலுக்கு மெதுவானதை அல்லவா முதலில் இருப்பு வைக்க வேண்டும்?

கையுறைகள் லேடெக்ஸ். ரப்பர் விளையும் ஊர் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும், எபாக்ஸிக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையே ஏற்றது. முகக்கவசம் தரப்படவில்லை, விளிம்புகளைத் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், ஏனெனில் கார்பன் தூசி மூச்சுக்குக் கேடு என்பதோடு மின்சாரத்தைக் கடத்துவதால் அறையிலுள்ள மின்கருவிகளையும் பழுதாக்கும். அதே மின்கடத்தும் தன்மையால், கடல்காற்றின் உப்பில் அலுமினிய பிராக்கெட் கார்பனைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். அங்கு மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒன்றை இடையில் வைத்தால் போதும். இதைப் பற்றி விளக்கத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

துணியையும் மெழுகையும் இனியும் அங்கேயே வாங்குவேன். மெதுவான ஹார்டனரைத் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்துக்கொள்வேன். அச்சு செய்வதற்கு மட்டும் கடைக்காரரின் வள்ள ஜெல்கோட்டும் (மேற்பரப்புக்கான ரெசின் பூச்சு) கண்ணாடியிழை மேட்டும் தாராளம். அதில் அவர் சொல்வதை அப்படியே கேட்கலாம். பாலியெஸ்டர் ரெசின் வெப்பத்தில் சில மாதங்களிலேயே கெட்டியாகத் தொடங்கும் என்பதால், வாங்கும்போது டின்னிலுள்ள தயாரிப்புத் தேதியைக் கேட்டுப் பாருங்கள்.