எங்கள் வீட்டுக்கு ஏற்ற வீட்டுக்கல்வி: ஆறு வருட அனுபவம்

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம் என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும், "பத்தாவது சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் இருக்கிறது, கீழே எழுதுகிறேன். ஆனால் ஆறு வருடம் கழித்து எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வீட்டுக்கல்விக்கென்று விற்கும் புத்தகம், பாடத்திட்டம், வீடியோ எல்லாமே ஒரே மாதிரி வீட்டை நினைத்துத்தான் செய்யப்படுகின்றன. அப்பா வேலைக்குப் போவார், அம்மா நாள் முழுக்க வீட்டில் இருப்பார், வீட்டில் ஆங்கிலம் புழங்கும், பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கும். அப்படி இல்லாத வீடுகள்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் கணவர் சௌராஷ்டிரக் குடும்பம். நான் உசிலம்பட்டிப் பக்கம். அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருக்கிறார். நான் காலையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிவிட்டு மதியம் வீடு திரும்புவேன். மூத்த மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு. அடுத்தது மகள். மூன்றாவது பையன் என் தங்கை மகன். தங்கை கணவரைப் பிரிந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மூத்தவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறியபோது அவன் படித்த பள்ளி டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னது. அங்கேதான் இது தொடங்கியது. பிறகு மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் வருடம் ஆங்கிலப் பாடத்திட்டப் பெட்டி ஒன்றைத் தபாலில் வாங்கினோம். தாள், படங்கள், அட்டைகள் எல்லாம் தரமானவை. ஆங்கிலம் பேசும் வீட்டில், ஒரு பெரியவர் காலை முழுக்கப் பக்கத்தில் உட்கார முடிந்தால் அது நன்றாக உதவும். எங்கள் வீட்டில் காலையில் இருப்பவர் அத்தை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் பாதியிலேயே அதை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். அப்புறம் தமிழ்நாடு அரசுப் பாடநூல்களையே அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும். இத்தனை வருடத்தில் கைவிடாமல் பயன்படுத்திய ஒரே அச்சுப் பாடம் இதுதான்.

காலை நேரத்தை அத்தையிடமே விட்டோம். அவர் சின்ன வயதிலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்தார்கள். ஆனால் துணியை மடித்து, கட்டம் பிரித்து, புள்ளி வைத்து, நூலால் இறுக்கிச் சாயத்தில் முக்கும் வேலையைப் பாட்டியிடம்தான் கற்றார்கள். ஒரு வரிசைக்கு இத்தனை புள்ளி என்றால் முந்திக்கு எத்தனை முடிச்சு, நாலாய் மடித்தால் எந்தப் பூ எங்கே திரும்ப வரும் என்று பெருக்கலும் சமச்சீரும் கையிலேயே வந்துவிட்டன. எண்களைக் கண்டாலே ஒதுங்கிய மூத்தவன் முதலில் தைரியமாகக் கணக்குப் போட்டது இந்தத் துணியில்தான். வீட்டில் ஒரு தொழில் இருந்தால், அதைப் பாடத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மகள் பாட்டியோடு சௌராஷ்டிரத்தில் பேசுகிறாள், என்னோடு தமிழில். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. 2008இல் அது யூனிகோடில் சேர்ந்ததால் இப்போது கணினியில் அடிக்க முடிகிறது. பாட்டி சொல்லும் சமையல் குறிப்புகளை அந்த எழுத்தில் சேர்த்து வருகிறாள். எந்தச் சான்றிதழிலும் இது வராது. ஆனாலும் வாரத்தில் ஒரு மதியம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தங்கை மகன் விஷயத்தில் எனக்கு இருந்த பெரிய பயம், அவன் அம்மா வெறும் பணம் அனுப்புகிறவளாக ஆகிவிடக் கூடாதே என்பது. அவளுக்குப் பீஸ் ரேட்டில் கூலி. ராத்திரி வீடியோ காலில் அன்றைக்கு எத்தனை பீஸ் தைத்தாள் என்று சொல்வாள். பையன் கூலியைக் கணக்குப் போட்டு, சனிக்கிழமை வாரச் சம்பளத்தோடு சரிபார்ப்பான். பிறகு நாளிதழில் ஒரு செய்தியை வாய்விட்டு வாசித்துக் காட்டுவான். வெளியூரில் வேலை பார்க்கும் அம்மாவோ அப்பாவோ இதில் முழுப் பங்கு எடுக்க முடியும். நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே போய்ப் படிக்க மதுரை போல வசதியான ஊர் குறைவு. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. கீழடி அருங்காட்சியகம் பக்கம்தான். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் மூத்தவன் இறங்கி வர மாட்டான். படிக்கத் தடுமாறும் அவன், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்து மணிக்கணக்கில் வரைவான்.

சரி, சான்றிதழ். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக்கல்விக்கென்று அதில் பொதுவான விதி இல்லை, பெற்றோருக்குத் தண்டனையும் இல்லை. பல வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையை 2012 திருத்தம் தெளிவாகவே தந்திருக்கிறது. பத்தாவதுக்கு என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடம் தேறினால் போதும். பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாகவும் எழுதலாம். மூத்தவன் தமிழ், ஓவியம், மனையியல் உட்பட ஐந்து பாடம் எடுத்திருக்கிறான். கணிதத்தை விட்டுவிட வழி உண்டு. ஆனால் பாலிடெக்னிக் போகும் எண்ணம் இருந்தால் விடாதீர்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருப்பதால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அந்த மருத்துவச் சான்றைப் பதிவு செய்வதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்கை மகன் மாதிரிப் பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் அம்மாவின் கையெழுத்துப் போட்ட கடிதமும் கையில் இருக்கட்டும்.

எனக்குக் குறையாகவே நிற்பது இரண்டு. எல்லாச் சுமையும் மெல்ல மெல்லப் பெண்கள் தலையில் இறங்குகிறது. அதனால் அறிவியலையும் ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போவதையும் கணவர் முழுக்க எடுத்துக்கொண்டார். இன்னொன்று, கூட்டாளிகள். மகளுக்கு அக்கம்பக்கமே போதும். தங்கை மகனுக்குப் போதவில்லை. பன்னிரண்டு வயதில், "பெரியம்மா, நான் பள்ளிக்கூடம் போறேன்" என்று அவனே கேட்டான். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால் பக்கத்து அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்தோம். முதல் பருவத்தில் ஆங்கில இலக்கணத்தில் மட்டும் கொஞ்சம் பின்தங்கினான். இப்போது கபடி அணியில் இருக்கிறான். ராத்திரி அம்மாவோடு கூலிக் கணக்கு மட்டும் நிற்கவில்லை.