நுரையீரல் நாளம் சுருங்குனா பலூனா, ஸ்டென்ட்டா, ஆபரேஷனா? பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் பதில் வேற

நுரையீரல்ல ஒட்சிசன் ஏத்திக்கிட்டு வர்ற ரத்தத்த இதயத்தோட இடது சோணையறைக்கு, அதாவது இடது மேல் அறைக்கு, கொண்டு வந்து சேக்குறது பொதுவா நாலு நுரையீரல் நாளம். அதுல ஒண்ணு ரெண்டு சுருங்கிட்டா ரத்தம் பின்னால தேங்கும், நுரையீரல்ல நீர் கோக்கும், கூடுதலான நாளம் சுருங்குனா நுரையீரல் பிரஷர் ஏறி இதயத்தோட வலது பக்கம் களைச்சுப் போயிரும். இதுக்கு பலூன் விட்டு விரிக்கிறதா, ஸ்டென்ட்ங்கிற வலைக்குழாய உள்ள வைக்கிறதா, ஆபரேஷனா, எந்த வைத்தியம் நல்லம்னு கேக்குறவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, யாருக்கு, கைப்பிள்ளைக்கா பெரியவங்களுக்கான்னுதான். பேரு ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் வேற வேற நோய் மாதிரிதான் நடக்கும்.

பெரியவங்களுக்கு வர்றதுல முக்கியமான காரணம் அப்லேஷன். இதயம் தாறுமாறா துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு, அந்த தப்பான துடிப்பு நிறைய நேரம் நுரையீரல் நாளத்துல இருந்துதான் கெளம்புதுன்னு 1998ல பிரான்ஸ் டாக்டர்மார் காட்டுனாங்க, அதுக்கு பொறவு அந்த இடத்த சூடு வச்சு தடுக்குற முறை பரவிச்சு. ஆரம்பத்துல நாளத்துக்கு உள்ளயே சூடு வச்சதால தழும்பு விழுந்து சுருங்குனவங்க நிறைய. இப்ப நாளத்துக்கு வெளிய, சோணையறை பக்கமா வைக்கிறதால ரொம்ப குறைஞ்சிருச்சு, ஆனா இல்லாம போகல. அடுத்தது டீபி மாதிரி நோயால நெஞ்சுக்கு நடுவுல தழும்பு கட்டி நாளத்த வெளிய இருந்து நெரிக்கிறது, கட்டி அமுக்குறதும் உண்டு.

பிள்ளைகளுக்கு அப்படி இல்ல. சிலதுக்கு பிறவியிலயே வரும், குறைமாசத்துல பொறந்து நுரையீரல் பலவீனமான பிள்ளைகளுக்கு வரும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு கூடுதலா வரும், நுரையீரல் நாளமெல்லாம் இடம் மாறி இணைஞ்சு பொறந்து அத ஆபரேஷன்ல சரி பண்ணுன பிள்ளைகள்ல ஒரு பகுதிக்கு பொறவு தையல் போட்ட இடத்துல சுருங்கும், அது கூடுதலா முதல் வருஷத்துக்குள்ளயே தெரியும். பெரியவங்களுக்கு அப்லேஷனால வர்றது ஒரு இடத்துல விழுந்த தழும்பு. பிள்ளைக்கு நாளத்தோட சுவர்ல உள்ள செல்லே பெருகி பெருகி நுரையீரலுக்குள்ள வரைக்கும் ஏறிப்போகும், திறந்து விட்டாலும் திரும்ப வளரும். வைத்தியம் மாறுறது இதாலதான்.

பெரியவங்களுக்கு பலூனா ஸ்டென்ட்டான்னா என் பதில் ஸ்டென்ட், அதுவும் பெருசா. பலூன் மட்டும் விட்டா ஏறக்குறைய பாதிப்பேருக்கு திரும்ப சுருங்குது, ஸ்டென்ட் வச்சா அது கால்வாசி அளவுக்கு குறையுது. 8 மில்லிமீட்டருக்கு சின்ன ஸ்டென்ட் சீக்கிரம் அடைக்கும், 10 கிட்ட வைக்க முடிஞ்சா நல்லம். ஆனா நாளம் முழுசா மூடிட்டா கம்பி உள்ள போறதே கஷ்டம், அதனால நேரத்தோட கண்டுபிடிக்கணும். இங்கதான் இலங்கையில நம்ம மலையகத் தோட்டப் பக்கம் கஷ்டம். அப்லேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல இருமல், மூச்சு வாங்கல், சளியோட ரத்தம்னு வந்தா தோட்ட டிஸ்பென்சரியில ஆஸ்துமான்னோ நிமோனியான்னோ மருந்து குடுப்பாங்க, ரத்தத்த பாத்தா டீபின்னு நினைப்பாங்க. சளி டெஸ்ட் பண்ணுறது சரிதான், பண்ணத்தான் வேணும், ஆனா “எனக்கு அப்லேஷன் செஞ்சாங்க”ன்னு நோயாளியே வாய்விட்டு சொல்லணும், இல்லாட்டி யாருக்கும் சீட்டி ஸ்கேன் ஞாபகம் வராது.

பிள்ளைக்கு அதே ஸ்டென்ட்ட முதல் வழியா நான் சொல்ல மாட்டேன், ஏன்னா பிள்ளை வளரும், உள்ள வச்ச சின்ன ஸ்டென்ட் அதோட சேந்து வளராது, பொறவு பெருசாக்குறதே தனி வேலை. தையல் நாளத்தோட வெட்டுன விளிம்புல படாம, சோணையறைய சுத்தியுள்ள இதய உறையோட சேத்து தைக்கிற முறை ஒண்ணு 1990கள்ல வந்துச்சு, தையல் பட்ட இடத்துல செல் கிளம்பி வளர்றது அதால குறையுது. நாளம் இதயத்துல சேர்ற வாசல்ல மட்டும் அடைப்பு இருந்தா இது நல்ல வழி. நுரையீரலுக்குள்ள ஏறிட்டா கத்தி எட்டாது, அங்க பலூன்தான், ஒரு தடவையோட முடியாது. திரும்ப திரும்ப பலூன் போடுறத தோல்வின்னு பெற்றோர் நினைக்க வேணாம், பிள்ளை வளர நேரம் வாங்கிக் குடுக்குறது அதுதான்.

இதோட இப்ப சிரோலிமஸ், இமாட்டினிப் மாதிரி செல் பெருக்கத்த அடக்குற மருந்தும் சில பெரிய சென்டர்கள்ல சேத்து குடுக்குறாங்க. எனக்கு இதுலதான் நம்பிக்கை கூட, ஏன்னா மத்ததெல்லாம் வழிய திறக்குது, இது வளர்ற செல்ல தடுக்கப் பாக்குது. ஆனா லேசுப்பட்ட மருந்து இல்ல. சிரோலிமஸ் குடிச்சா ரத்தத்துல அளவு பாத்துக்கிட்டே இருக்கணும், கிருமி லேசா தொத்தும், வாய்ப்புண் வரும், 9 மாசத்துலயும் 3 வயசுலயும் போடுற எம்எம்ஆர் (தட்டம்மை, கூவைக்கட்டு, ருபெல்லா) ஊசி உயிருள்ள கிருமி உள்ளதால டாக்டர்கிட்ட கேக்காம மிட்வைஃப் கிட்ட போய் போடக்கூடாது. எதுவுமே சரி வராத ஒரு சிலருக்கு நுரையீரல் மாற்று, அது எந்த நாட்டுலயும் லேசான வழி இல்ல.

மலையில இருக்குறவங்க இன்னொண்ணையும் பாக்கணும். நுவரெலியா 1,868 மீட்டர் உசரம், அங்க காற்றழுத்தம் கொழும்ப விட ஏறக்குறைய ஐந்துல ஒரு பங்கு குறைவு. ஒட்சிசன் குறைஞ்சா நுரையீரலுக்கு ரத்தம் கொண்டு போற நாடி இறுகி பிரஷர் இன்னும் ஏறும், ஏற்கனவே பிரஷர் உள்ள பிள்ளைக்கு அது பாரம். கொழும்புல நல்லா இருந்த சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல உள்ள ஒட்சிசன் அளவு, ஹட்டன் தாண்டுனதும் குறையலாம், அதனால வீடு எந்த உசரத்துலன்னு கிளினிக்ல சொல்லி, வீட்டுக்கு ஒட்சிசன் வேணுமான்னு ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்ப முன்னமே கேளுங்க.

எந்த வைத்தியம்னாலும் பொறவு ஸ்கேன் விடக்கூடாது. பெரியவங்களுக்கு ஸ்டென்ட் வச்ச மூணு ஆறு மாசத்துல வருத்தம் இல்லாட்டியும் சீட்டி எடுக்கணும், ஒரு நாளம் மெதுவா மூடுறது ஒடம்புக்கு தெரியாமலே நடக்கும். ரத்தம் உறையாத மாத்திரைய கொழுந்து வேலை மும்முரம்னு ஒரு நாளும் நிப்பாட்டாதீங்க. பிள்ளைக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எத்தன கிழமைக்கு ஒருக்கான்னு டயக்னோசிஸ் கார்ட்ல எழுதி வாங்குங்க, ஸ்டென்ட் சைஸ் போட்ட அட்டையையும் அதோடயே வைங்க, ராத்திரி மூச்சு முட்டி 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ கூப்பிட்டா அவங்க கையில முதல்ல குடுக்க வேண்டியது அந்த ரெண்டும்தான்.