ஸ்கிம்மர் இல்லாத பவளத் தொட்டி: காரைக்குடியில் ஐந்தரை ஆண்டுகள்

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டின் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் மூன்றடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று ஐந்தரை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் எட்டு மாதங்கள், நீரின் அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்ற கருவியோடு ஓடியது. அதன்பின் இன்றுவரை ஸ்கிம்மர் கிடையாது. முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், முடியும். ஆனால் ஸ்கிம்மரைக் கழற்றியபோது நான் எதை இழக்கிறேன் என்பதையே தவறாகக் கணித்திருந்தேன். நீரின் சுத்தத்தை இழப்பேன் என்று நினைத்தேன். இழந்தது காற்றை. அது புரிவதற்குள் ஒரு மீன் செத்துவிட்டது.

சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையோடு மேலே ஒதுங்கும், அதை வழித்து எடுத்துவிடுவார்கள் அல்லவா? ஸ்கிம்மர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். உயரமான குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை அடித்து அனுப்புகிறது. நீரில் கரைந்திருக்கும் புரதமும் கொழுப்பும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலேறி, பழுப்பு நுரையாகக் கிண்ணத்தில் வழிகின்றன. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் நுண்மையாகவே நிற்பதால் அங்கே இது நன்றாக வேலை செய்கிறது. இருந்தாலும் எல்லாவற்றையும் அது எடுத்துவிடுவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009 முதல் செய்த அளவீடுகளில், நீரிலுள்ள கரிமக் கார்பனில் ஏறக்குறைய 20 முதல் 35 சதவீதத்தைத்தான் ஸ்கிம்மர்கள் பிரித்தன. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது நேரடியாகத் தொடுவதே இல்லை. அந்தக் கிண்ணத்தில் சேரும் நாற்றமடிக்கும் கறுப்பு நீரைப் பார்த்து, இது இல்லாவிட்டால் தொட்டி அழுகிவிடும் என்று பயந்திருந்த எனக்கு இது பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

ஸ்கிம்மரை நிறுத்தும் திட்டம் முதலில் இருக்கவில்லை. எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அதில் அதன் பம்ப் இரண்டு முறை எரிந்தது. இரண்டாவது முறை மாற்றுப் பம்ப் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நாள் தவறாமல் நீரைச் சோதித்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராமிலிருந்து 8 ஆனது, அங்கேயே நின்றது. அதே நாட்களில், கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் கோபிபாட் என்ற மிகச்சிறிய உயிரிகள் ஊர்வதையும், பாறை இடுக்குகளில் விசிறிப் புழுக்கள் விரிவதையும் முதன்முறையாகப் பார்த்தேன். நுரையோடு வெளியே போய்க்கொண்டிருந்தது அவற்றின் சாப்பாடும்தான். பம்ப் வந்தபோது அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

இந்த முறை புதியதும் அல்ல. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையையும் மெல்லிய காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்ததை 1961ஆம் ஆண்டே எழுதியிருக்கிறார். அவருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. நமக்கும் தொண்டிக் கடற்கரை ஒன்றும் தொலைவில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அந்தப் பக்கம் கை நீட்டக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் அட்டைகள் எல்லாம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2010, 2016 கோடைகளில் அங்கே பவளங்கள் வெளுத்துப்போன பிறகு, அந்தப் பார்களிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லைக்கூட எடுக்க மனசாட்சி உள்ள யாருக்கும் கை வராது. "மீனவரிடம் சொன்னால் ஒரு கூடை பாறை வரும்" என்று யாராவது சொன்னால், அவரோடு சகவாசமே வேண்டாம். நான் செயற்கைக் காய்ந்த பாறையை வாங்கி, பாக்டீரியா வளர மூன்று மாதம் காத்திருந்தேன். வளர்ப்பதும் மென்பவளங்கள்தான்: தோல் பவளம், காளான் பவளம், ஸோவாந்தஸ். எல்லாம் மற்றவர்களின் தொட்டிகளில் வளர்ந்தவற்றிலிருந்து வெட்டிய துண்டுகள். மீன்கள் மூன்றே மூன்று: பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி. கல் பவளம் இல்லாததும் மீன் குறைவாக இருப்பதும்தான் இந்தத் தொட்டி ஸ்கிம்மர் இல்லாமல் பிழைப்பதற்குப் பாதிக் காரணம் என்று இப்போது சொல்வேன்.

மீதிப் பாதி கீழ்த்தொட்டியில் இருக்கிறது. 182 லிட்டர் பிரதானத் தொட்டிக்குக் கீழே அறுபது லிட்டர் சம்ப். அதில் ஓர் அறை முழுவதும் கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசி, தேங்காய் நார்ப் பந்துபோலச் சுருண்டு வளரும் பச்சைப் பாசி. அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று பெருகும். பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி அள்ளி எறிந்தால் அத்தனை அழுக்கும் அதோடு வெளியே போய்விடுகிறது. நான் அதைத் தென்னைமரத்தடியில் காயவைத்துவிடுகிறேன், ஊருணியிலோ வாய்க்காலிலோ ஒருபோதும் போடுவதில்லை. வாரம் இருபது லிட்டர் நீர் மாற்றுகிறேன், அதற்கு சுமார் 750 கிராம் உப்புக் கலவை ஆகிறது. இவ்வளவுதான் ஏற்பாடு.

இனி அந்த மீனுக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு, கத்திரி வெயில் நாட்கள். இரவு பதினொன்றரைக்குப் போன மின்சாரம் ஒன்றரைக்கு வந்தது, இரண்டே மணி நேரம். ஸ்கிம்மர் இருந்த காலத்தில் மூன்று மணி நேர மின்வெட்டைக்கூட இதே தொட்டி அலுங்காமல் தாங்கியிருந்ததால் நான் எழுந்து பார்க்கவில்லை. காலையில் கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அப்போதிருந்த கோபி பாறை அடியில் செவுள் விரிந்து செத்துக் கிடந்தது. நீரைச் சோதித்தேன், அம்மோனியா பூஜ்ஜியம், நைட்ரேட் வழக்கம்போல். விஷம் எதுவும் இல்லை. அது மூச்சு முட்டிச் செத்திருந்தது.

யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஸ்கிம்மர் ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் லிட்டர் நீரைக் காற்றோடு கலக்கிக் கொடுக்கிறது. அதனால் நீரில் ஆக்சிஜன் எப்போதும் நிறைந்தே இருக்கும், மின்சாரம் போனாலும் கையிருப்பு இருக்கும். அதை எடுத்துவிட்ட என் தொட்டி, மின்சாரம் போவதற்கு முன்பே குறைந்த கையிருப்போடு இரவுக்குள் நுழைந்திருக்கிறது. கடலளவு உப்புள்ள நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும், 30 டிகிரியில் அது சுமார் 6.2 ஆகக் குறையும். நீர் சூடாக ஆக மீனுக்குத் தேவையோ கூடும். போதாததற்கு, நான் பாசிக்கான விளக்கையும் மேல்தொட்டி விளக்கையும் பகலிலேயே சேர்த்து எரித்துக்கொண்டிருந்தேன். ராத்திரியானால் பாசியும் பவளமும் மீனும் பாக்டீரியாவும் எல்லாமே சேர்ந்து ஆக்சிஜனை இழுத்தன, கொடுக்க யாரும் இல்லை.

ஆக்சிஜன் சோதனைப் பெட்டி வாங்கி விடிவதற்கு முன் அளந்தேன்: 4.6. அன்றைக்கே பாசி விளக்கை இரவுக்கு மாற்றினேன். மாலை ஏழுக்கு மேல்தொட்டி அணையும்போது கீழே விளக்கு எரியும், காலை வரை பாசி ஆக்சிஜன் விடும். சம்பில் நுண்குமிழி விடும் காற்றுக்கற்கள் இரண்டு போட்டேன். திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, மேற்பரப்பு எப்போதும் கலங்கும்படி வைத்தேன். மின்சாரம் போன நொடியில் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்றையும் மாட்டினேன். இரண்டு வாரம் கழித்து அதே விடியற்காலை அளவு 5.9. பிஎச் 7.75லிருந்து 8.0க்கு வந்தது. அதன்பிறகு ஒரு மீனும் சாகவில்லை. ஸ்கிம்மரை நிறுத்த நினைக்கிறவர்கள் பாசி வாங்குவதற்கு முன் அந்தப் பேட்டரி பம்பை வாங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நம் ஊர் வீடுகள் இதில் பெரிய துணை. முற்றம் திறந்தே இருப்பதால் வீட்டுக் காற்றில் கரியமிலவாயு தேங்குவதில்லை. ஏசி போட்டு ஜன்னல் அடைத்த அறைகளில் பிஎச் ஏறாமல் தவிக்கும் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கனத்த சுண்ணாம்புச் சுவர் வெயிலையும் தடுக்கிறது. வெளியே 39 டிகிரி கொளுத்தும்போது தாழ்வாரம் 32ஐத் தாண்டாது. தொட்டியின் மேல் இரண்டு சிறிய மின்விசிறிகள் ஓடினால் நீர் 28க்கு வந்துவிடும். நம்முடைய வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாவதால்தான் இந்தக் குளிர்ச்சி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதே விசிறி இவ்வளவு உதவாது. ஆனால் அதற்கு விலை உண்டு. சித்திரையில் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வரை ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது, ஆகவே அந்த ஐந்து லிட்டரை நல்ல நீராகத் தினமும் ஈடுசெய்ய வேண்டும்.

அந்த நல்ல நீரில்தான் என் இரண்டாவது தவறு நடந்தது. எங்கள் போர்வெல் நீர் கடுமையான உப்பு. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தர மூன்று லிட்டரை வெளியேற்றும். தண்ணீர் அருமை தெரிந்த அப்பத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. ஓட்டுச் சாய்ப்பிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரை அந்தக் காலத்தில் அண்டாவில் பிடித்துத்தான் சமைத்தார்கள், அதை ஊற்றக்கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐப்பசி அடைமழையில் பிடித்த நீரை அளந்தேன், டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, வெறும் 20. மகிழ்ச்சியோடு மூன்று வாரம் ஊற்றினேன். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து செத்தன, ஸோவாந்தஸ் மூடிக்கொண்டது. காரணம் மழை அல்ல. நீரைத் தேக்கியது பித்தளை அண்டா, உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து போயிருந்தது. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவுச் செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. மும்மடங்கு நீர் மாற்றிச் செம்பு உறிஞ்சும் வடிகட்டி போட்ட பிறகே தெளிந்தது. இப்போது மழைநீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்கிறேன், முதல் இரண்டு மழையை விட்டுவிடுகிறேன், கார்பன் (வடிகட்டும் கரி) வழியாகவும் அயனி நீக்கும் ரெசின் வழியாகவும் செலுத்தியே ஊற்றுகிறேன். மார்கழி வரை அதுவே போதும், அப்பத்தாவுக்கும் திருப்தி. மற்ற மாதங்களில் ஆர்.ஓ. ஒதுக்கும் நீர் வாசல் தெளிக்கப் போகிறது. வீட்டு ஆர்.ஓ. பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் சுவைக்காக மூலநீரைக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும், தாது சேர்க்கும் குப்பி ஒன்று இருக்கும். இரண்டுக்கும் முந்தைய இடத்திலிருந்து குழாய் எடுக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிக்கல் வந்தது. பாசி அபாரமாக வளர்ந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளவில் காட்டாத அளவுக்கு இறங்கின. பெருமையாக இருந்தது. ஒரு மாதத்தில் மணல்மீது பழுப்புச் சளி நூல்கள், நுனியில் காற்றுக் குமிழிகளோடு. டைனோஃபிளாஜெலேட் என்ற ஒருசெல் உயிரி. போட்டி உயிர்கள் பட்டினியில் ஒடுங்கிய இடத்தில் அது குடியேறிவிடுகிறது. பாசி விளக்கைப் பதினான்கு மணியிலிருந்து ஆறு மணியாகக் குறைத்து, தீவனத்தைக் கூட்டி, நைட்ரேட்டை 10க்கும் பாஸ்பேட்டை 0.1க்கும் கொண்டுவர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் இரவு ஆக்சிஜனுக்குக் காற்றுக்கற்களையே நம்பியிருந்தேன். இன்றும் அந்த இரு அளவுகளில்தான் வைத்திருக்கிறேன், தோல் பவளம் உள்ளங்கை அகலத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்துவிட்டது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நீர் மெல்ல மஞ்சளிக்கும். நேரே பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் நீளவாக்கில் பார்த்தால் தெரியும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கார்பன் மாற்றினால் போய்விடும். தோல் பவளம் விடும் வேதிப்பொருளையும் அதே கார்பன்தான் பிடிக்கிறது, ஆகவே அதை விட்டுவிட முடியாது. நான்காவது மீனுக்கு ஆசைப்பட்டபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டேன். நான் ஊரில் இல்லாத பத்து நாளில் சித்தப்பா மகன் பாசத்தோடு அள்ளிப் போட்ட தீவனம், மணலெங்கும் சிவப்புப் பாசியாகப் படர்ந்தது. ஸ்கிம்மர் உள்ள தொட்டி அந்தப் பிழையை ஓரளவு மன்னித்திருக்கும். இப்போது ஊருக்குப் போனால் நாளுக்கு ஒன்றாகப் பொட்டலம் மடித்து வைத்துவிட்டுப் போகிறேன். சம்பிலிருந்து சொட்டிய உப்புநீரில் ஆத்தங்குடிக் கல் நான்கு வெளுத்துப் போனதும் உண்மை, அதில் ஸ்கிம்மருக்குச் சம்பந்தமே இல்லை, தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காத என் பொறுப்பு.

சர்ஜன் மீன்போல நாளெல்லாம் தின்று கழிக்கும் பெரிய மீன்களை வைப்பவர்கள் ஸ்கிம்மரை விடாதீர்கள். வினிகர் ஊற்றி பாக்டீரியாவைப் பெருக்கி நைட்ரேட்டைக் குறைப்பவர்களுக்கும் அது கட்டாயம் வேண்டும். பெருகிய பாக்டீரியாவை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டும், அது குடிக்கும் ஆக்சிஜனையும் யாராவது திருப்பித் தர வேண்டும். மென்பவளமும் மூன்று நான்கு சிறு மீன்களும் போதும் என்பவர்களுக்கு மட்டுமே என் அனுபவம் பொருந்தும். மின்செலவு என்று பார்த்தால் 17 வாட் பம்ப் நிற்பதால் மாதம் 12 யூனிட் மிச்சம், அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பெரிது அமைதி. இரவில் முற்றத்தில் படுத்தால் இப்போது நீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது.

நம் பக்கத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோடை விடுமுறையில் தொடங்காதீர்கள். ஐப்பசியில் நீர் நிரப்புங்கள். தையில் முதல் பவளம், மாசியில் முதல் மீன். பங்குனி முடிவதற்குள் விடியற்காலை ஐந்து மணி ஆக்சிஜனை ஒருமுறை அளந்து பாருங்கள். அது 5.5க்குக் கீழே இருந்தால் கத்திரி வருவதற்குள் இன்னொரு காற்றுக்கல் போட்டுவிடுங்கள்.