சர்வரில் இடமில்லை என்றதும் புது டிஸ்க் வாங்கிவிடாதீர்கள்

மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எடைச் சீட்டுகள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் பதிவாகும். தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று விசைப்படகுகள் கடலுக்குப் போயின. மறுநாள் காலை, தராசுக்கு முன்னால் கூடைகள் வரிசையில் நிற்கும்போது சீட்டு அச்சாகவில்லை. சர்வரில் இடமில்லையாம்.

ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிக்கும் சர்வீஸ்காரர் ராமநாதபுரத்திலிருந்து வந்தார். "உப்புக்காற்று அண்ணே, டிஸ்க் போய்விட்டது" என்றார். வாசல் கொக்கி வரை துருப்பிடிக்கும் ஊர் இது, நம்பிவிட்டேன். இடம் தீர்வதும் டிஸ்க் பழுதாவதும் வேறு வேறு என்று அப்போது உறைக்கவில்லை. 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு புதியதை மாட்டினார். பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்றே வாரத்தில் மறுபடியும் இடமில்லை. இந்த முறை நானே உட்கார்ந்தேன். டிஎஃப் கட்டளை, 220 ஜிபியும் தீர்ந்தது என்றது. டியூ கட்டளையோ, எல்லாக் கோப்பையும் பார்க்கவல்ல ரூட் உரிமையோடு எண்ணியும், இருப்பது 38 ஜிபிதான் என்றது. இரண்டும் 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்தவை. இரண்டுமே பொய் சொல்லவில்லை. டியூ, பெயரோடு இருக்கும் கோப்புகளை மட்டும் எண்ணும். டிஎஃப், பிடிபட்டிருக்கும் இடம் முழுவதையும் சொல்லும். கோப்பை அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் கைவிடும் வரை இடம் திரும்பி வராது.

திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று சேர்த்துக் கொடுத்தேன்; அழித்தும் திறந்தே கிடப்பவை மட்டும் வரும். ஒரே ஒரு பெரிய கோப்பு: 181 ஜிபி, பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. சர்வீஸ்காரரே நிறுவிய பேக்கப் நிரலின் பதிவுக் கோப்பு அது. தினமும் இரவில் அதை அழிக்க ஏற்பாடு செய்தவர், நிரலை நிறுத்தி மறுபடி தொடங்க ஏற்பாடு செய்யவில்லை. நிரலை நிறுத்தினேன்; அந்த நொடியே இடம் திரும்பியது. புது டிஸ்க் மாட்டுவதற்காகச் சர்வரை அணைத்தாரே, அதனால்தான் மூன்று வாரம் ஓடியிருக்கிறது. அன்று வெறுமனே அணைத்து ஏற்றியிருந்தாலே வேலை நடந்திருக்கும்.

பணத்தைவிடப் பழைய டிஸ்க்தான் என்னை உறங்கவிடவில்லை. படகுக்காரர்களின் வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கேட்டால், காயலான் கடையில் போட்டுவிட்டேன் என்கிறார். எந்தக் கடை என்று சொல்ல மறுக்கிறார். உங்கள் சர்வரிலிருந்து கழற்றும் டிஸ்க்கை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். நாளை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போகிறேன்.