லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிப் பார்க்க வாடகைக் காரா, மெட்ரோவா?

லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் முதலில் சொல்வது, கார் இல்லாமல் அந்த ஊரில் ஒன்றும் நடக்காது என்பதுதான். நானும் அதை நம்பி, எட்டு நாள் பயணத்தில் முதல் நான்கு நாள்களுக்கு வாடகைக் கார் எடுத்தேன். மீதி நாள்களை மெட்ரோவில் கழித்தேன். இன்னொரு முறை போனால் மெட்ரோவையே நம்பிப் போவேன்.

நினைத்த நேரத்தில் கிளம்பலாம், பெட்டிகளைச் சுமக்க வேண்டாம் என்பன போன்ற காரின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நெடுஞ்சாலை நெரிசலைக்கூட நேரம் பார்த்துக் கிளம்பினால் ஓரளவு சமாளிக்கலாம். என் முடிவை மாற்றியது காரை நிறுத்தும் பாடுதான். ஹாலிவுட்டின் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரே கம்பத்தில் நான்கு பலகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது, மாலை ஆறுக்குப் பிறகு அனுமதிச் சீட்டு உள்ள குடியிருப்போர் மட்டும், செவ்வாய்க்கிழமை காலை தெரு கூட்டும் நேரத்தில் யாரும் நிறுத்தக் கூடாது, மீறினால் கார் இழுத்துச் செல்லப்படும். மூன்றைப் படித்துவிட்டுச் செவ்வாயை மறந்ததற்கு 73 டாலர் அபராதம் கட்டினேன். நகர மையத்து ஓட்டல்கள் பலவற்றில், கார் இரவு முழுவதும் சும்மா நிற்பதற்கே 40 டாலருக்கு மேல் ஆகிறது. கெட்டி மையத்தில் கலைக்கூடத்துக்கு நுழைவு இலவசம். காரை நிறுத்தத்தான் கட்டணம்.

மெட்ரோவிலோ ஒரு பயணம் 1.75 டாலர். டாப் அட்டை (பணம் ஏற்றிக்கொள்ளும் மெட்ரோ பயண அட்டை) இருந்தால், ஒரு நாளில் எத்தனை முறை ஏறினாலும் 5 டாலருக்கு மேல் பிடிப்பதில்லை. 1939இல் திறக்கப்பட்ட யூனியன் ஸ்டேஷனில் 'பி' தடத்தில் ஏறினால், ஹாலிவுட் நடைபாதையில் கலைஞர்களின் பெயர்களோடு பதித்திருக்கும் நட்சத்திரங்களுக்கு நடுவிலேயே வெளியே வரலாம். யுனிவர்சல் ஸ்டுடியோவும் அதே தடத்தில்தான் இருக்கிறது. வெர்மாண்ட்–சன்செட் நிலையத்தில் இறங்கிச் சிற்றுந்து பிடித்தால் கிரிஃபித் வானாய்வகம். மலைமேல் இருக்கும் ஹாலிவுட் எழுத்துகளை அங்கிருந்து தெளிவாகப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது 'இ' தடம். நகர மையத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் சாண்டா மோனிகாவில் இறங்கி, கொலராடோ அவென்யூவில் நேராக நடந்தால், உப்புக்காற்று முகத்தில் அடிக்க, கடற்பாலத்தின் நுழைவு வளைவு எதிரே தெரியும். அங்கே நிறுத்த இடம் தேடிக் காரில் சுற்றிய முக்கால் மணி நேரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரவு பத்துக்கு மேல் நான் ரயிலில் போனது ஒரே ஒரு முறை. பெட்டி வெறிச்சோடிக் கிடந்தது. தொல்லை ஏதும் இல்லை. அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு, தனியாக வரும் பெண்களுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. சிறு குழந்தைகளோடு போய்ப் பார்த்த அனுபவமும் எனக்கில்லை.

மாலிபு கடற்கரைச் சாலைக்கும், மலைகளுக்கிடையே கலபாசஸில் இருக்கும் வேங்கடேசுவரர் கோயிலுக்கும் கார்தான் வேண்டும். அவற்றை ஒரே நாளில் வைத்துக்கொண்டு, காலையில் காரை எடுத்து, இரவு ஓட்டலுக்குத் திரும்பும் முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.